மேடிசன் கடைவீதி பிழைத்த கதை

கேள்வி: மகன் இந்தியானாவில் இருக்கிறான். ஒஹையோ ஆற்றங்கரையில் மேடிசன் என்ற சின்ன ஊருக்குக் கூட்டிப்போனான். பழைய கடைவீதி கலகலப்பாக இருந்தது. வழியில் பார்த்த ஊர்களில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. மேடிசன் மட்டும் எப்படித் தப்பியது?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அந்த ஊர்ப் பெயரைப் படித்ததுமே மகிழ்ச்சியாகிவிட்டது, அம்மா. 1977-ல் அமெரிக்காவில் பழைய கட்டடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை, மூன்று ஊர்களில் கடைவீதியை மீட்கும் சோதனையைத் தொடங்கியது. அதில் ஒன்று மேடிசன். மற்றவை இலினாயின் கேல்ஸ்பர்க், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ். ஹாட் ஸ்பிரிங்ஸில் அப்போது 5,000 பேர்கூட இல்லை.

ஊருக்கு வெளியே, கார் நிறுத்த இடத்தோடு பெரிய கடைகள் வந்துகொண்டிருந்த காலம் அது. கடைவீதிக்காரர்கள் பலர், புதுசாகத் தெரியட்டும் என்று அழகான செங்கல் முகப்புகளை அலுமினியத் தகட்டால் மூடிவிட்டிருந்தார்கள். அந்தத் தகடுகளைக் கழற்றுவது இந்த இயக்கத்தின் அடையாளமாகவே ஆனது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒவ்வொரு ஊரிலும் கடைவீதிக்கென்றே சம்பளத்துக்கு ஒரு முழுநேர ஆளை வைத்தார்கள். என் அப்பா ஜவுளிக்கடை வைத்திருந்தவர். பைபாஸ் வந்து பஸ்கள் ஊருக்குள் வராமல் போனபோது, வியாபாரிகள் கூடிக்கூடிப் பேசினார்கள். சரி, மறுநாள் காலையில் அவரவர் கல்லாவில் உட்கார வேண்டுமே, யார் அலைவது? கட்டட முதலாளியைப் பார்க்க, வங்கியில் கடன் பேச, காலிக்கடைக்கு ஆள் தேட எங்களுக்கு ஒருவர் இல்லாமல் போனார். அப்பா கடையை மூடிய நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூன்று ஊர்களின் அனுபவத்தை வைத்து 1980-ல் ஒரு தேசிய மையம் உருவானது. ஆறு மாநிலங்கள், மாநிலத்துக்கு ஐந்து ஊர் என்று முப்பது ஊர்கள் சேர்ந்தன. கட்டடக் கலைஞரைத் தனியாக அமர்த்த முடியாத சிற்றூருக்கும் மாநில அளவில் பொதுவான உதவி கிடைக்க வழி பிறந்தது. ஓர் ஊரில் பலித்ததை இன்னோர் ஊர் கேட்டுத் தெரிந்துகொண்டது.

மேடிசனுக்குப் பழமையும் கைகொடுத்தது. 2006-ல் அதன் 133 தெருத் தொகுதிகள் தேசிய வரலாற்றுச் சின்னமாயின. அடுத்தமுறை போனால் மெயின் தெருவில் அண்ணாந்து மாடி முகப்புகளைப் பாருங்கள். அப்புறம், ஒரு கடைக்காரரிடமாவது பேச்சுக் கொடுத்து, அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.