மாடு விடும் தெருவும் கிடா வெட்டும்: கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பொங்கல் நெருங்குகிறது. வழக்கம் என்ற பெயரில் ஆடு மாடுகள் படும் வதையைப் பற்றி யாரும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கே.வி.குப்பத்திலிருந்து மாடு வளர்க்கும் ஒருவர்: டாக்டர் சார், எருது விடும் விழாவுக்குக் கோர்ட்டே அனுமதி கொடுத்துவிட்டது. இன்னும் எதற்குக் குறை சொல்கிறீர்கள்?

அனுமதி உண்மைதான். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு வந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தில் மஞ்சுவிரட்டு, வடமாடு என்பவற்றோடு நம் எருது விடும் விழாவையும் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். அது செல்லும் என்று 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆனால் மாட்டை வதைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்த அனுமதி. விழா நடக்கட்டும். வால் முறுக்கு, தார்க்குச்சி, கண்ணில் எலுமிச்சைச் சாறு, வாயில் சாராயம் இதெல்லாம் போகட்டும் என்கிறேன்.

நம் பக்கம் மாட்டை யாரும் அணைவதில்லை. தெருவில் விடுகிறோம், குறைந்த நொடியில் ஓடி முடிப்பதற்குப் பரிசு. நான் பார்த்தவரை வதை நுழைந்ததே அந்த நொடிக்கணக்கு வழியாகத்தான். அரை நொடிக்காக, விடும் இடத்தில் நான்கு பேர் மாட்டின் பின்னால் நிற்கிறார்கள்.

ஒரு வருஷம் சாயங்காலம் டெம்போவில் ஒரு காளையைக் கொண்டுவந்தார்கள். கொம்பில் கட்டிய பலூன்கூட அவிழ்க்கப்படவில்லை. வாலை அடியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தேன். நாலு எலும்பு தாண்டியதும் விரலுக்கடியில் நறநறவென்றது. அதற்குக் கீழே வால் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. தொடையில் ஈ மொய்க்கிறது, ஓட்ட முடியவில்லை. அன்றைக்குப் பரிசு வாங்கிய மாடு அதுதான்.

ஊர்ப் பெரியவர்கள் ஒரே ஒரு காரியம் செய்யலாம். "வாலில் கை வைத்தால் அந்த மாட்டுக்குப் பரிசு கிடையாது" என்று முதலிலேயே மைக்கில் சொல்லிவிடுங்கள். அப்புறம் பாருங்கள், எதிர் மாட்டுக்காரரே காவல் நிற்பார். நொடிக்குப் பரிசு என்பதையே விட்டுவிட்டு, வந்த மாட்டுக்கெல்லாம் ஒரு மூட்டைப் புண்ணாக்கு கொடுத்தால் இன்னும் நல்லது.

திருப்பத்தூரிலிருந்து ஒரு தம்பி: இப்படிப் பேசிப் பேசித்தான் நாட்டு மாடு அழிகிறது.

தம்பி, நாட்டு மாடு நிலைக்க வேண்டும் என்ற உன் கவலை எனக்கும் உண்டு. பசுவோடு சேர்ந்தால்தான் இனம் பெருகும். பலம் குறைந்துவிடும் என்று போட்டிக் காளையைப் பசுப் பக்கமே விடாதவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உன் ஊரில் ஒரு நல்ல பொலிகாளையை எல்லாரும் சேர்ந்து வளர்த்துப் பார்.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: கிடா வெட்டுவதாக மாமியார் நேர்ந்திருக்கிறார். அந்தக் கிடாவை வளர்த்தவன் என் பையன், இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வெட்டாவிட்டால் சாமி குத்தமாகுமா?

அம்மா, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயிலில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் நம் மாநிலத்தில் இருந்தது. 2003-இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்கள், எதிர்ப்பு கிளம்பியது, 2004-இல் சட்டமே ரத்தானது. அதனால் இது உங்கள் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயம்.

மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கிடா உடம்பைச் சிலிர்த்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்கிறோம். தலையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும். மேளச் சத்தத்தில், முன்னால் வெட்டிய ஆட்டின் ரத்த வாடையில், கால் நடுங்க நிற்கும் ஆடு அது. எங்கள் வீட்டிலும் கிடா வெட்டு இருந்தது. என் அம்மா காலத்திலேயே பூசணிக்காயில் குங்குமம் வைத்து உடைக்க ஆரம்பித்தோம், பொங்கலும் வைக்கிறோம். ஒரு குறையும் வரவில்லை. மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், பேரனையே பேச விடுங்கள். அப்படியும் வெட்டுவதுதான் முடிவு என்றால், பையனை அங்கே நிறுத்தாதீர்கள். மற்ற ஆடுகளின் கண்முன்னால் வேண்டாம்.

காட்பாடியிலிருந்து வண்டி மாடு ஓட்டும் ஒருவர்: கத்திரி வெயிலிலும் ஓட்டினால்தான் கூலி சார்.

உங்கள் கஷ்டம் புரிகிறது அண்ணே. ஆனால் 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை மாடு பூட்டக் கூடாது என்று 1965-லேயே விதி இருக்கிறது. ஒரு நாளுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரம், தொடர்ந்தாற்போல் ஐந்து மணி நேரம், அதற்கு மேல் கூடாது. நம் வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை நாலு மணிக்குப் பூட்டி, பதினோரு மணிக்குள் அவிழ்த்துவிடுங்கள். நடுவில் ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

ஊசூரிலிருந்து: தொண்டை வீங்கிய மாட்டுக்குச் சூடு போடலாமா? தாத்தா காலத்திலிருந்து போடுகிறோம்.

வேண்டவே வேண்டாம். தொண்டை அடைப்பான் கிருமியால் வரும் நோய். பழுக்கக் காய்ச்சிய கம்பி தோலைத்தான் சுடும், கிருமி உள்ளே அப்படியே இருக்கும். காய்ச்சல் கண்ட முதல் சில மணி நேரத்தில் ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு, அந்த நேரம்தான் கம்பி காய்ச்சுவதில் போகிறது. சூடு பட்ட புண்ணில் புழு வைத்து, அதற்கும் சேர்த்து என்னிடம் வந்தவர்கள் பலர். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுங்கள். கல்லால் நசுக்கிக் காயடிப்பதும் இதே கதைதான். மருத்துவமனைக்குக் கூட்டி வந்தால் கிடுக்கி வைத்து ரத்தம் வராமல் முடித்துவிடலாம்.

பள்ளிகொண்டாவிலிருந்து: பொய்கை மாட்டுச் சந்தையிலிருந்து மாடுகளை லாரியில் அடைத்துப் போகிறார்களே?

சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது 1978 விதி. எண்ணிப் பார்த்து, வண்டி நம்பரோடு போலீசில் சொல்லுங்கள்.

ஆம்பூரிலிருந்து: புகார் கொடுத்தால் தண்டனை உண்டா?

1960-ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் மாட்டை ஊனமாக்கினாலோ கொன்றாலோ இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. புகாரில் அந்தப் பிரிவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அடிபட்ட மாட்டுக்கு ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் 1962-க்குப் போன் செய்யுங்கள்.

ஒடுகத்தூரிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி: எங்கள் காளை இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை. தாத்தா விழாவுக்கு விடத்தான் வேண்டும் என்கிறார். நான் எப்படிச் சொல்வது சார்?

தாத்தாவைத் தொழுவத்துக்குக் கூப்பிடு பாப்பா. மாடு நிழலில் சும்மா நிற்கும்போது விலாப்பக்கம் ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். நல்ல மாட்டுக்கு 20, 30 இருக்கும். காது தொங்குகிறதா, மூக்கு நுனி காய்ந்திருக்கிறதா, அசை போடுகிறதா என்றும் பார்க்கச் சொல். மூச்சு 40-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரை வரச் சொல்லுங்கள். நீ எண்ணாதே, தாத்தாவையே எண்ண விடு. எத்தனை வந்தது என்று எனக்கு எழுது.