16 அங்குலமா, 18 அங்குலமா? கிண்ணம் கடைய எந்த லேத் வாங்கலாம்

கேள்வி: திருகோணமலைக் கடலோரத்தில், உப்புவெளியில் சின்னத் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். மேசையில் வைக்கும் 10 அங்குல, அரை எச்.பி. லேத்தில் கதிரைக் கால், கட்டில் குமிழ் எல்லாம் கடைகிறேன். இப்போது நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்று 12 அங்குலச் சலாது கிண்ணங்கள் கேட்கிறது. 18 அங்குல லேத் ஒன்றைச் சனல் இரும்பில் ஒட்டித் தருவதாக ஒரு வேர்க்ஷொப்பில் சொல்கிறார்கள். ஒரு எச்.பி. மோட்டர், நாலு படிக் கப்பி, ஆகக் குறைந்த வேகம் நிமிடத்துக்கு 450 சுற்று. இன்னொன்று இறக்குமதி: 16 அங்குலம், வார்ப்பிரும்பு, 2 எச்.பி., விலை இரண்டு மடங்கு. எதை வாங்கலாம்?

பதில்: 16 அங்குலத்தையே வாங்குங்கள். பெட்டுக்கு, அதாவது லேத்தின் நீளமான அடித்தளத்துக்கு, மேலே எவ்வளவு பெரிய மரம் சுற்றும் என்பதை மட்டும்தான் அந்த 18 சொல்கிறது. அந்த மரம் சுற்றும்போது லேத் உதறாமல் நிற்குமா, போதிய அளவு மெதுவாகச் சுற்றுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

12 அங்குல அகலம், 4 அங்குலத் தடிப்பில் ஒரு பச்சைக் குற்றியை எடுத்தால் 7 கிலோவுக்குக் குறையாது. வாளால் அறுத்த வட்டம் சரியான வட்டமும் இல்லை, ஒரு பக்கம் வைரம், மறுபக்கம் வெள்ளை என்று பாரமும் சமனில்லை. நிமிடத்துக்கு 1000 சுற்றில் 2 அங்குலக் கதிரைக் காலின் மேற்பரப்பு மணிக்கு 10 கி.மீ. அளவில்தான் ஓடும். அதே வேகத்தில் 12 அங்குலக் கிண்ணத்தின் விளிம்பு 57 கி.மீ. வேகத்தில் வரும். மோட்டர் சைக்கிளில் அந்த வேகத்தில் வருகிற 7 கிலோ மரத்துக்கு முன்னால் யாராவது முகத்தைக் கொடுப்பார்களா?

கடைசல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்று எண்ணால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வர வேண்டும். 12 அங்குலத்துக்கு 500 முதல் 750. அது வட்டமாகி, சமநிலைக்கு வந்த மரத்துக்கு. புதுக் குற்றியை 200, 250இல் தொடங்கி, உதறல் அடங்க அடங்க ஏற்ற வேண்டும். 450இல் தொடங்கும் லேத்தில் அதற்கு வழியே இல்லை. ஒட்டிய சனல் இரும்புச் சட்டம் பாரம் குறைவு என்பதால் நடுக்கத்தை உறிஞ்சாது, திருப்பி உளிக்கே அனுப்பும்.

வேகத்தைத் திருகிக் குறைக்கலாம் என்று கடைக்காரர் சொன்னாலும் பெல்ட்டுக்கு எத்தனை நிலை என்று கேளுங்கள். மின்சாரத்தால் மட்டும் வேகத்தைக் குறைத்தால் இழுவை கூடாது, கொஞ்சம் ஆழமாக வெட்டினாலே மரம் நின்றுவிடும். மோட்டரின் சின்னக் கப்பியிலிருந்து, மரத்தைச் சுற்றும் தண்டின் பெரிய கப்பிக்குப் பெல்ட்டைப் போடும்போதுதான் இழுவை பெருகும். இரண்டு நிலையாவது வேண்டும், மூன்று என்றால் நல்லது.

நம் ஊரில் இன்னொரு சங்கதி உப்புக் காற்று. பெட்டில் கறள் பிடித்தால் தேய்த்து எண்ணெய் பூசலாம். வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி அப்படியில்லை, ஈரமும் மரத்தூளும் உள்ளே போனால் முதலில் படுப்பது அதுதான். அந்தக் கம்பெனிக்கே உரிய விசேஷ போர்டு உள்ள லேத்தை நான் வாங்க மாட்டேன். சாதாரண த்ரீ பேஸ் மோட்டரும், வெளியே மாட்டிய பொதுவான இன்வேர்ட்டர் டிரைவும் உள்ளதைத் தேடுங்கள். சிங்கிள் பேஸ் 230 வோல்ட்டை வாங்கி மோட்டருக்கு த்ரீ பேஸாகக் கொடுக்கும் வகை அது. பழுதானால் வேறு கம்பெனியின் டிரைவையும் மாட்டலாம். மோட்டரின் தகட்டில் 220-240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த 110 வோல்ட் லேத் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். லேத்துக்கென்று தனி வயரும் நல்ல ஏர்த்தும் இழுத்துவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது மரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் கூர் முனைகளைக் கிட்டக் கொண்டுவந்து நுனியோடு நுனி தொடச் செய்யுங்கள். ஒரு மயிரிழை விலகினாலும் நீளக் கால் கடையும்போது தொல்லை. ஹெட்ஸ்டொக் (மரத்தைச் சுற்றும் தண்டு உள்ள தலைப்பகுதி) திரும்பும் வகையென்றால் திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி தொடச் செய்யுங்கள். திரும்பும் ஹெட்ஸ்டொக் இருந்தால் கிண்ணத்தின் உட்புறத்தைக் குடையும்போது பெட்டுக்கு மேலே வளைய வேண்டியதில்லை, முதுகு தப்பும். அப்புறம், பத்து நிமிடம் ஓடவிட்டுப் பேரிங் பக்கம் கை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் விட்டுவிடுங்கள்.

மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கை மாட்டுகிற தண்டின் புரியையும் மறக்க வேண்டாம். சின்ன லேத்துகளில் பெரும்பாலும் 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 புரி. பெரியவற்றில் ஒன்றேகால் அங்குலம் 8 புரி, அல்லது 33 மி.மீ. விட்டத்தில் 3.5 மி.மீ. புரி. உங்கள் சக்கில் நடு வளையம் கழற்றி மாற்றுகிற வகையென்றால் வளையம் மட்டும் வாங்கினால் போதும். பின்னோக்கியும் சுற்றும் லேத் என்றால், சக்கைப் பூட்டும் சின்ன ஸ்க்ரூ இல்லாமல் அதைப் பின்னோக்கி ஓட்டாதீர்கள், சக் கழன்று பறக்கும்.

வேர்க்ஷொப்காரரை விட முடியாது, பணமும் போதாது என்றால் ஒரு வழி உண்டு. 2 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டர், டிரைவ், இடையில் இன்னொரு கப்பித் தண்டு போட்டு 150 சுற்றுவரை இறக்கித் தரச் சொல்லுங்கள். கால்களைக் கொங்கிரீட்டில் போல்ட் அடித்து, கீழ்த்தட்டில் மணல் மூட்டைகளை அடுக்குங்கள். வேலை நடக்கும். ஆனால் செலவைக் கூட்டிப் பார்த்தால் இறக்குமதி விலைக்குக் கிட்ட வந்துவிடும்.

ஹோட்டலுக்குச் சாப்பாட்டுக் கிண்ணம் என்பதால் முதிரையை மட்டும் தவிருங்கள், அதன் தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் புண்ணையும் கொண்டுவரும். பலா நல்லது. பழைய 10 அங்குல லேத்தை விற்க வேண்டாம். கட்டில் குமிழுக்காகப் பெரிய லேத்தின் சக்கை ஒவ்வொரு தரமும் கழற்றுவது வீண் வேலை.