கையால சுத்துன டொராய்டுல (வளையத்துல கம்பி சுத்துன காயில்) சிக்னல் வரலையா? இதைப் பாருங்க

பிட்எக்ஸ் ரிக் (வீட்டுலயே கட்டுற ஹாம் ரேடியோ செட்) கட்டி முடிச்சும் மிக்ஸர்ல (ரெண்டு சிக்னலைக் கலக்குற பகுதி) சிக்னலே இல்லைன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல இனாமல் கம்பி முனையைப் பாருங்க, கோட்டிங்கை முழுசா சுரண்டாம சால்டர் வச்சா வெளிய பளபளன்னு தெரியும், உள்ள கனெக்ஷனே இருக்காது, மல்டிமீட்டர் வச்சா உடனே தெரிஞ்சிரும்.

மீட்டர் காட்டிக்கொடுக்காத தப்புதான் ரொம்ப படுத்தும். ரெண்டு கம்பியைச் சேர்த்து சுத்துற டொராய்டுல, சென்டர் டேப்புக்கு (நடுவுல எடுக்குற இணைப்பு) முதல் கம்பியோட முடிவையும் ரெண்டாவதோட ஆரம்பத்தையும் சேர்க்கணும், ரெண்டு ஆரம்பத்தையும் சேர்த்துட்டா மீட்டர் பீப் அடிக்கும் ஆனா ஒண்ணை ஒண்ணு கேன்சல் பண்ணிரும். அதனால ரெண்டு கலர் கம்பியில சுத்துங்க, ப்ளீஸ்.

அப்புறம் கோர், அதாவது கம்பி சுத்துற வளையம், அது மாறிடாம பாருங்க. எஃப்டி37-43 ஃபெரைட்ல 10 சுத்துக்கு இண்டக்டன்ஸ் (காயிலோட தூண்டல் அளவு) கிட்டத்தட்ட 35 மைக்ரோஹென்றி, சிவப்பு டி37-2ல அதே 10 சுத்து வெறும் 0.4தான். ஓட்டைக்குள்ள கம்பி ஒரு தடவை போனாலே ஒரு சுத்துன்னு எண்ணுங்க.