சாதாரண ஸ்டீல் கைக்கடிகாரம் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது எப்படி?

நீங்கள் கேட்பது ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா மாடல் கடிகாரம். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் நிறுவனம் ஏலம் விட்டது. தங்கமில்லை, வைரமில்லை, உள்ளே இருப்பதும் சாவி கொடுத்து ஓடும் சாதாரண இயந்திரம்தான்.

வேடிக்கை என்னவென்றால், அதில் இருக்கும் வகை டயல், அதாவது எண்களும் முட்களும் உள்ள முகப்பு, வந்த புதிதில் கடைகளில் சரியாக விலைபோகவில்லை. அதனால் குறைவாகவே வந்தது. இன்று அதுவே கிராக்கி. ஆனால் அதே டயல் உள்ள மற்ற கடிகாரங்கள் இந்த விலையை நெருங்கவில்லை. வித்தியாசம் பின்மூடியில்: கார் பந்தயம் ஓட்டும் கணவருக்கு மனைவி ஜோன் உட்வர்ட் பொறித்துத் தந்த ‘கவனமாக ஓட்டு’ என்ற வரி. யாருடையது என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

உங்கள் தாத்தா கடிகாரத்தை விற்பதாக இருந்தால் பாலிஷ் போட்டுவிடாதீர்கள். டயலை மாற்றினாலும் மதிப்பு பாதாளத்துக்குப் போகும்.