வெஞ்சன்ஸ் இறக்கை: கோணத்தைத் திருத்தாதீர்கள், இடைவெளியை மட்டும் மூடுங்கள்

கேள்வி: 1942 டிசம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட இந்திய விமானப்படையின் 8ஆம் ஸ்குவாட்ரன் ஓட்டிய வல்டி வெஞ்சன்ஸ் என்ற குண்டுவீச்சு விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியை 1/72 அளவில், ஒட்டிச் செய்யும் கிட் ஒன்றிலிருந்து செய்து வருகிறேன். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் 1 மி.மீ. இடைவெளி விழுகிறது. பழைய புகைப்படங்களில் பறக்கும் விமானத்தின் மூக்கு தூக்கியிருக்கிறது. என் கிட்டிலோ இறக்கையும் உடலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. கிட்டை வார்த்த அச்சே தவறு என்றும், ரெசினில் (வார்ப்புப் பிசின்) தனியாகச் செய்து விற்கும் மாற்று இறக்கை வாங்கினால்தான் சரியாகும் என்றும் கிட்டை வரவழைத்துத் தந்தவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் பிழை என்று காட்டுவதுதான் இந்த விமானத்தின் அடையாளம். வெஞ்சன்ஸ், செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. இறக்கையை முன்விளிம்பு சற்று உயரும்படி சாய்த்துப் பொருத்தியிருந்தால், பாயும்போதும் அது தூக்குவிசை தந்து விமானத்தைக் குறியிலிருந்து விலக்கியிருக்கும். அதனால் உடலின் நீள்கோட்டுக்கு இணையாக, சுழியக் கோணத்தில் பொருத்தினார்கள். அப்படிப் பொருத்திய இறக்கை சமமாகப் பறக்கையில் போதிய தூக்குவிசை தர வேண்டுமானால் விமானம் முழுவதும் மூக்கைத் தூக்கியாக வேண்டும். ஆகவே புகைப்படமும் சரி, உங்கள் கிட்டும் சரி.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பொறுமையாகப் படியுங்கள். மார்க் 4 வகையில் மட்டும் இறக்கையை 4 பாகை சாய்த்தார்கள். இந்த அளவில் அது 30 மி.மீ. நீளத்துக்கு ஏறத்தாழ 2 மி.மீ. உயர வேறுபாடு, கண்ணுக்கு நன்றாகவே தெரியும். 8ஆம் ஸ்குவாட்ரன் போருக்கு எடுத்துச் சென்றவை அதற்கு முந்தைய வகைகள். பெட்டியின் மேல்படத்தை நம்பாமல் பின்னிருக்கைத் துப்பாக்கியைப் பாருங்கள்: மெல்லிய குழல்கள் இரண்டு இருந்தால் முந்தைய வகை, பருத்த குழல் ஒன்றே இருந்தால் மார்க் 4. மார்க் 4 கிட்டை “இந்திய வெஞ்சன்ஸ்” என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு அது வந்திருந்தால் ரெசினைத் தேடாமல் கிட்டையே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இனி இடைவெளி. குறைந்த எண்ணிக்கையில் வார்க்கப்படும் கிட்களில் பொருத்துமுளைகள் இருப்பதில்லை; விளிம்புகளைத் தேய்க்கும்போது உடலின் அகலம் குறைந்துவிடும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன், இறக்கை சேரும் இடத்துக்கு நேர் உள்ளே ஸ்ப்ரூத் துண்டு (பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டு) ஒன்றைக் குறுக்கே முட்டுக் கொடுத்து, பசையில்லாமல் சேர்த்துப் பாருங்கள். பெரும்பகுதி அதிலேயே மூடிவிடும். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களானால் அரை மி.மீ. பிளாஸ்டிக் தகட்டை இறக்கை உடலோடு சேரும் விளிம்பில் ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்துங்கள். புட்டியை (இடைவெளி அடைக்கும் கூழ்) அப்பாதீர்கள், காயும்போது அது சுருங்கி, பெயின்ட் அடித்த பிறகு முடிபோல ஒரு கீறலைக் காட்டும்.

கிட்டை வரவழைத்துத் தரும் இடைத்தரகர் விஷயத்தையும் சொல்லியே ஆக வேண்டும். விளையாட்டுப் பொருள் இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. அளவுமாதிரிகளும் அதே தலைப்பில்தான் வருகின்றன. ஐம்பது வயதுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒட்டும் பொருளைக் குழந்தைகளின் கிலுகிலுப்பையோடு ஒரே கூடையில் போடும் இந்த ஏற்பாட்டை எந்த அதிகாரியிடம் விளக்கியும் பயனில்லை. என் பார்சல் ஒன்று, பொம்மைக்கான தரச்சான்று கேட்டு மூன்று வாரம் முடங்கிக் கிடந்தது. “கஸ்டம்ஸ் உட்பட” என்று தரகர்கள் விலை சொல்வது இந்தக் குழப்பத்தை நம்பித்தான். வரி கட்டிய ரசீதைக் கேளுங்கள். தராதவரிடம் அடுத்த பொருளை வாங்காதீர்கள்.

உங்களுக்குக் கிட்டைத் தந்தவரே டெகாலும் (மாதிரியில் ஒட்டும் அடையாளப் படங்கள்) விற்க வருவார். நடுவில் சிவப்புள்ள விமானப்படை அடையாள வட்டங்களைத் தந்தால் மறுத்துவிடுங்கள். ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழம்பும் என்பதால் பர்மா முனையில் சிவப்பை நீக்கி, அடர்நீலத்துக்குள் வெளிர்நீலம் மட்டும் வைத்தார்கள். 8ஆம் ஸ்குவாட்ரன் 1943 டிசம்பரில் அரக்கானில் போரிட இறங்கியபோது இருந்தது அந்த அடையாளம்தான்.

ஒட்டிய இறக்கையை ஒரு நாள் அசைக்காமல் வைத்து, இரு முனைகளிலிருந்தும் வால்முனை வரை நூலால் அளந்து சரிபார்த்த பிறகு பெயின்ட்டைத் தொடுங்கள்.