641 எப்படிக் கிடைத்தது?

அன்புள்ள ஐயா,

2³²+1, அதாவது 4294967297, பகா எண் இல்லை என்று கணித மேதை ஆய்லர் 1732-இல் காட்டியதைப் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். கால்குலேட்டரை வைத்துக்கொண்டு 3, 5, 7, 11 என்று வகுத்துப் பார்த்தேன். 500-ஐத் தாண்டியும் எதுவும் வகுக்கவில்லை, விட்டுவிட்டேன். அப்புறம் பார்த்தால் விடை 641. ஆய்லரும் இப்படித்தான் வகுத்துக்கொண்டே போனாரா? இல்லை, அதிர்ஷ்டமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் நீங்களே பிடித்திருப்பீர்கள். 641 என்பது 116-ஆவது பகா எண். ஆனால் அத்தனையையும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. தன் காரணியை எங்கே தேட வேண்டும் என்று இந்த எண்ணே சொல்லிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான்.

'ப' என்ற பகா எண் இதை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³²-ஐ ப-ஆல் வகுக்க மீதி −1, அதாவது ப-இன் மடங்குக்கு ஒன்று குறைவு. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. ஆக 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் மீதிகள் சரியாக 64 படிக்கு ஒருமுறை திரும்ப வரும். அதைவிடச் சின்னச் சுற்றாக இருந்தால் அதன் நீளம் 64-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும்; அப்போது அது 32-லேயே முடிந்து, 2³²-க்கும் மீதி 1 என்று ஆகிவிடும், ஆனால் அதன் மீதி −1. இன்னொரு பக்கம், 2-ஐ ப−1 அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1 என்பது பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவின் சிறிய தேற்றம். எனவே ப−1 என்பது 64-இன் மடங்காகத்தான் இருக்க முடியும்.

சரி, 64-இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டி, அதில் பகா எண்களை மட்டும் எடுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் விடை! ஆய்லர் 1732-இல் விடையை மட்டும் சொன்னார்; இந்த விளக்கம் பின்னால் எழுதிய கட்டுரையில்தான் வந்தது.

3, 5, 17, 257, 65537 (அதாவது 2¹+1, 2²+1, 2⁴+1, 2⁸+1, 2¹⁶+1) ஆகியவை பகா எண்களாக இருப்பதைப் பார்த்து, இந்த வரிசையில் அடுத்து வரும் 2³²+1-உம் அப்படித்தான் என்று நம்பியவர் ஃபெர்மா. அந்த நம்பிக்கையை உடைக்கும் தேற்றமும் அவருடையதே. இரண்டையும் அவர் கடிதங்களில் எழுதியது அதே 1640-இல். ஏன் அவர் இந்த ஐந்து வகுத்தலைச் செய்து பார்க்கவில்லை என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

641 வகுக்கும் என்பதைப் பெரிய வகுத்தல் இல்லாமலே சரிபார்க்கலாம். 641 = 5×2⁷+1. எனவே 641-ஆல் வகுக்க 5×2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-க்கு மீதி 1. அதே 641-ஐ 5⁴+2⁴ என்றும் எழுதலாம், 625+16. அதாவது மீதிக் கணக்கில் 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-க்கு மீதி 1, எனவே 2³²+1-க்கு மீதி 0. பேப்பரில் ஒருமுறை எழுதிப் பாருங்கள், நான்கு வரிதான்.

வகுத்தால் கிடைக்கும் 6700417-உம் பகா எண். இதற்கும் அதே விதி பொருந்தும், ஏனென்றால் இதன் காரணி எதுவானாலும் பெரிய எண்ணின் காரணிதான். இதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் மிச்சமிருப்பவை 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஏழே வகுத்தல், கால்குலேட்டரைத் திரும்ப எடுங்கள்.

அன்புடன்.