ஸ்பின் டாக்டர்ஸின் முதல் ஆல்பம்: கேள்வி பதில்

அமெரிக்க ராக் குழுவான ஸ்பின் டாக்டர்ஸின் 'பாக்கெட் ஃபுல் ஆஃப் கிரிப்டோனைட்' ஆல்பத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி: அண்ணா, எனக்கு அதில் 'டூ பிரின்ஸஸ்' பாட்டு மட்டும்தான் தெரியும். ஆல்பம் முழுக்கக் கேட்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

பதில்: நாலு பேர் வாசிப்பது தனித்தனியாகக் காதில் விழும், தம்பி. பாடுபவர் கிறிஸ் பேரன், கிதார் எரிக் ஷெங்க்மன், பேஸ் கிதார் மார்க் ஒயிட், டிரம்ஸ் ஆரன் கொமெஸ். நியூயார்க்கில் 1988 வாக்கில் சேர்ந்தவர்கள். ஆல்பம் வந்தது 1991 ஆகஸ்டில். இடைப்பட்ட காலமெல்லாம் பார்களில் வாசித்து வாசித்தே இந்தப் பாட்டுகளைத் தேய்த்து மெருகேற்றினார்கள். ஸ்டூடியோவில் உட்கார்ந்து யோசித்துச் செய்த பாட்டுகளில் இந்தப் பதம் வராது. எந்த இடத்தில் ஆட்கள் ஆடுவார்கள், எந்த இடத்தில் பியர் வாங்கப் போய்விடுவார்கள் என்று தெரிந்துகொண்டவர்கள் செய்த ஆல்பம் இது. பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மார்க் ஒயிட் ஃபங்க் என்கிற துள்ளலான தாள இசை வாசிப்பவர். எளிமையான ராக் பாட்டுக்கு அடியிலும் அவர் கை சும்மா இருக்காது.

கேள்வி: இவர்களை ஜாம் பேண்ட் என்கிறார்கள். ஆனால் பாட்டெல்லாம் நாலு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறதே?

பதில்: மேடையில் அப்படி முடியாது. ஜாம் பேண்டுக்குப் பாட்டு ஒரு புறப்படும் இடம்தான். நடுவில் எவ்வளவு தூரம் போவது என்பதை அன்றைய இரவு முடிவு செய்யும். ஒரே கீர்த்தனைக்கு இன்றைய கச்சேரியில் பாடும் நிரவல் நாளை வேறாக இருக்குமே, அந்த மாதிரி.

மேன்ஹாட்டனில் வெட்லாண்ட்ஸ் என்று ஒரு கிளப் இருந்தது. 1989இல் திறந்தது, உள்ளேயே ஒரு ஃபோக்ஸ்வேகன் வேன் நிற்கும். இவர்களுக்கும் ப்ளூஸ் டிராவலர் என்ற இன்னொரு குழுவுக்கும் அதுதான் வீடு. இரண்டு குழுவும் உறவுக்காரர்கள்தான்: ப்ளூஸ் டிராவலரின் ஜான் பாப்பர், ஸ்பின் டாக்டர்ஸ் உருவாவதற்கு முன்பு பேரனோடும் ஷெங்க்மனோடும் சேர்ந்து வாசித்தவர். இந்த ஆல்பத்தில் 'மோர் தென் ஷி நோஸ்' பாட்டில் வருகிற ஹார்மோனிகாவும் அவருடையதே.

ஆல்பத்துக்குள்ளேயே ஜாமைக் கேட்க வேண்டுமென்றால் கடைசிப் பாட்டு 'ஷின்போன் ஆலி'. பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும். இந்த ஆல்பத்தை நண்பன் ஒருவன் எனக்கு 90 நிமிஷ கேசட்டின் ஒரு பக்கத்தில் பதிந்து கொடுத்தான். 45 நிமிஷத்தில் டேப் தீர்ந்து, அந்தப் பாட்டு நடுவிலேயே 'டப்'பென்று நின்றுவிடும். பாட்டே அவ்வளவுதான் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். பிற்பாடு சிடி வாங்கி, அந்த இடத்தைத் தாண்டிப் பாட்டு தொடர்ந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தெரிந்த தெருவில் தெரியாத கதவு திறந்த மாதிரி இருந்தது.

கேள்வி: தலைப்பில் கிரிப்டோனைட் எதற்கு?

பதில்: முதல் பாட்டு 'ஜிம்மி ஓல்சன்ஸ் ப்ளூஸ்'. சூப்பர்மேன் கதையில் வரும் இளம் புகைப்படக்காரன்தான் ஜிம்மி. பாட்டில் அவன் லோயிஸ் லேனைக் காதலிக்கிறான். போட்டிக்கு நிற்பவனோ பறக்கிறவன்! பையனிடம் இருப்பது பாக்கெட் நிறைய கிரிப்டோனைட், அதாவது சூப்பர்மேனைச் சாய்க்கும் கல். 'டூ பிரின்ஸஸ்'இலும் இதே நிலைமைதான். பணக்கார இளவரசன் ஒருவன், ஒன்றுமில்லாத இன்னொருவன். பேரன் எப்போதும் கையில் காசில்லாதவன் பக்கம் நின்றே பாடுகிறார். அந்த ஆல்பத்தின் மேல் எனக்கு இத்தனை பிரியம் வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கேள்வி: டிரம்ஸ் பழகுகிறேன் சார். 'டூ பிரின்ஸஸ்' தொடக்கம் கைக்கு வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். கொமெஸ் ஜாஸ் படித்தவர், அதனால் எல்லா அடியும் ஒரே கனத்தில் விழாது. ஓங்கி அடிப்பவற்றுக்கு நடுவே, குச்சி தோலைத் தொட்டுவிட்டுப் போகிற மாதிரி மெல்லிய அடிகள் இருக்கும். அவற்றைச் சத்தமாக அடித்தால் அணிவகுப்பு முரசு ஆகிவிடும். விட்டுவிட்டால் பாட்டே துள்ளாது. கிதார்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: டி, பி மைனர், ஏ, ஜி என்று நாலே கார்டுதான் (கார்டு என்றால் பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அடிப்பது). இடது கையைவிட வலது கையைக் கவனியுங்கள். நரம்பை அமுக்கி 'சிக்' என்று அடிக்கும் அடிகளில்தான் ஷெங்க்மன் இருக்கிறார்.

கேள்வி: 'லிட்டில் மிஸ் கான்ட் பி ராங்' பெண்களைத் திட்டுகிற பாட்டு இல்லையா?

பதில்: பேரன் தன் மாற்றாந்தாயை நினைத்து எழுதியது. அது தெரிந்தால் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். ஆனாலும் சில வரிகள் சுடத்தான் செய்கின்றன. கூடவே பாடும்போது எனக்கு அந்த இடங்களில் வாய் தயங்கும்.

கேள்வி: 1991இல் வந்த ஆல்பம், 1993இல்தானே எல்லோரும் கேட்டார்கள்? ஏன் அவ்வளவு தாமதம்?

பதில்: வந்தபோது கண்டுகொள்ள ஆள் இல்லை. இவர்கள் ஆல்பத்தை வெளியிட்ட எபிக் நிறுவனம் அதே ஆகஸ்டில்தான் பேர்ல் ஜாம் குழுவின் 'டென்' ஆல்பத்தையும் வெளியிட்டது. அடுத்த மாதமே நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' வந்துவிட்டது. எல்லோர் காதும் அந்தப் பக்கம் போய்விட்டது. ஸ்பின் டாக்டர்ஸ் ஊர் ஊராக வேனில் போய் வாசித்தார்கள். 1992இல் வெர்மான்ட் பக்கத்து வானொலி நிலையம் ஒன்று பாட்டுகளை விடாமல் போட்டது. அக்டோபரில் 'சாட்டர்டே நைட் லைவ்' டிவி நிகழ்ச்சி, அப்புறம் எம்டிவி. 'டூ பிரின்ஸஸ்' பாட்டுத் தரவரிசையில் அமெரிக்காவில் 7ஆம் இடத்துக்கும் பிரிட்டனில் 3ஆம் இடத்துக்கும் போனது. அமெரிக்காவில் மட்டும் ஆல்பம் ஐம்பது லட்சம் விற்றது.

கேள்வி: பிறகு ஏன் காணாமல் போனார்கள்?

பதில்: காணாமல் போகவில்லை, வானொலிதான் விட்டுவிட்டது. 1994இல் வந்த இரண்டாம் ஆல்பம் அந்த அளவுக்கு எடுபடவில்லை. அதே வருஷம் ஷெங்க்மன் விலகினார். 1999இல் பேரனுக்குக் குரல்நாண் செயலிழந்து, பேசுவதே பாடாகிவிட்டது. குரல் திரும்பி, 2001இல் வெட்லாண்ட்ஸை மூடுகிறார்கள் என்றதும் பழைய நால்வரும் அங்கே சேர்ந்து வாசித்தார்கள். 2013இல் ஒரு ப்ளூஸ் ஆல்பம், 2025இல் 'ஃபேஸ் ஃபுல் ஆஃப் கேக்'. இப்போது பேஸ் வாசிப்பவர் வேறு.

கேள்வி: எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று அக்கா கேட்கச் சொன்னாள், அவளுக்கு இரைச்சல் பிடிக்காது.

பதில்: அக்காவுக்கு 'ஹவ் குட் யூ வான்ட் ஹிம்' போட்டுக் கொடுங்கள். நிதானமான பாட்டு, குரல் குழையும். அது பிடித்தால் 'ஃபார்ட்டி ஆர் ஃபிஃப்டி'. நீங்கள் 'ரெஃப்ரிஜரேட்டர் கார்' கேளுங்கள், கிதார் பல்லைக் கடிக்கும். அதற்குப் பிறகு வெட்லாண்ட்ஸில் பதிந்த 'ஹோம்பெல்லி குரூவ்' நேரடிப் பதிவு. ஹெட்ஃபோனில் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்கள். பேஸ் தரையில் உணரப்பட வேண்டும்.